புது வீட்டு வாசம்

முகர்வுக் குழுவில் உட்காருகிற நாட்களில்
பூ வைத்துக்கொள்ளக் கூடாது.
தேங்காய் எண்ணெய், பவுடர், காலைக் காப்பி
எதுவும் ஆகாது.
காளப்பட்டி ரோட்டில் பஸ் இறங்கும்போது
பச்சைத் தண்ணீர் மாதிரி இருப்பேன்.
கண்டக்டருக்கு மட்டும் வருத்தம்:
"ஏனுங்க, ஊட்ல ஏதாச்சும் துக்கமுங்களா?"

பீரோ அளவில் ஓர் எஃகுப் பெட்டி.
உள்ளே ஒரு பலகை.
இருபத்து மூன்று டிகிரி, பாதி ஈரம்,
அளந்து விட்ட காற்று.
இருபத்தெட்டு நாள் அது அங்கே
மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கும்.
அந்த மூச்சைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து
எண்ணுவது என் சம்பளம்.

ஆனைமலை போகிற வழியில்
மில் வைத்திருக்கிறார் திருமூர்த்தி.
தென்னை நாரை அழுத்திச் செய்த தரைப்பலகை.
சித்திரையில் வந்தது.
உறையின் மேல் பச்சை இலை, பச்சை எழுத்து:
முழுக்க முழுக்க இயற்கை.
பெட்டிக்குப் படிக்கத் தெரியாது.
நாரில் குற்றமில்லை,
நாரைப் பிடித்து நிறுத்தும் பசையில் இருந்தது.
மூன்றாம் நாளே கோடு மேலேறிற்று.
இருபத்தெட்டாம் நாளும் இறங்கவில்லை.

போன் செய்தார்.
"தென்னமரமுங்க அது. எளநி குடிக்கிறோம்,
கீத்துல பந்தல் போடறோம்,
அதுல என்னங்க வெசம்?"
பசை என்றேன். ஃபார்மால்டிஹைடு என்றேன்.
"அந்தப் பேரு எங்க மில்லுல
ஒருத்தர் வாயிலயும் நொழையாதுங்க."
மூக்கில் நுழையும் என்று சொல்ல வந்தேன்.
சொல்லவில்லை. வாடிக்கையாளர்.

இடையில் சூலூரில் ஒரு கிரகப்பிரவேசம்.
ஒறம்பரை எல்லாம் ஆசாரத்தில் நின்று
மூச்சை இழுத்து இழுத்து விட்டார்கள்.
"ஆகா, புது வீட்டு வாசம்!"
வார்னிஷ், லாமினேட், கதவிடுக்கில் சிலிக்கான்;
எனக்கு எண்களாக வந்தது.
பந்தியில் யாரோ தும்மிக்கொண்டே இருந்தார்கள்.
புதுச் சுண்ணாம்பு ஒத்துக்கலை என்றார்கள்.
சுண்ணாம்பு அந்த வீட்டில்
வெற்றிலைத் தட்டில் மட்டும்தான் இருந்தது.

ஆனியில் மறுபடி போன். இந்த முறை இரவு.
சான்றிதழ் பேச்சே இல்லை.
"மேடம், அதே பலகைதானுங்க
எங்க படுக்கை ரூமுக்குப் போட்டது.
தையில போட்டமுங்க, ஒரு பெருமைக்கு.
வளர்மதி மாசியில இருந்து
மாடியில தகரக் கொட்டகைக்குள்ள படுக்கறா.
தலகாணி மாத்தினோம், பூனையை வெரட்டினோம்,
மொளகுக் கசாயம், ரெண்டு டாக்டர், நீலப் பம்ப்பு.
பூனை திரும்பி வரவே இல்லீங்க."

அந்த இழுப்புக்கு இந்தப் பலகைதான் காரணம் என்று
என்னால் சொல்ல முடியாது.
குழாய்க்குள் இருப்பதை மட்டும் சொல்லலாம்.
அவர் பக்கம் காற்று கேட்டது,
பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து
போனையே பிடுங்குகிற ஆனிக் காற்று.
"சன்னல் திறந்திருக்கா?"
"ஏசி ரூமுங்க. மூடித்தான் கெடக்குது."
"திறங்க."
"பக்கத்துக் களத்துல நார் காயுதுங்க.
தூசி வருமுங்களே."
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
படிவத்தில் அப்படி ஒரு கட்டமும் இல்லை.

ஆவணியில் இரண்டாம் பலகை வந்தது. வேறு பசை.
தட்டினால் கொஞ்சம் மந்தமான ஓசை.
உறையில் இலையைக் காணோம்.
தேதி, தொகுதி எண், எடை.
ஓரத்தில் பென்சிலில் கோணல் எழுத்து:
ஊட்ல பழசைப் பேத்தாச்சு. இப்ப வெறும் சிமிட்டித் தரை.

இன்றோடு பத்தொன்பது நாள்.
கோடு தரையோடு தரையாகப் போகிறது.
இன்னும் ஒன்பது நாள் ஒரு வார்த்தை பேசக் கூடாது.
கையெழுத்துப் போட்டாலும்
அது ஒரு பலகைக்குத்தான்,
ஒரு வீட்டுக்கு அல்ல.

வளர்மதி இப்போது எங்கே படுக்கிறாள் என்று
எதில் எழுதிக் கேட்பது?
பூனையைப் பற்றியும்.