ஐந்தாம் வகுப்பு உயரம்

காம்பராச் சுவரில், கதவுக்குப் பின்னால்,
மகன் வளர்ந்த கோடுகள் இன்னும் இருக்கின்றன.
பென்சிலால் அவன் அப்பா போட்டவை.
அம்மை போட்ட வருஷத்துக்குக் கோடு இல்லை.

அந்தச் சுவரைத்தான் இப்போது நான் ஏறுகிறேன்
வலது கை விரல்களால்,
சுண்டுவிரல் பின்தங்க,
நண்டு மாதிரி.

பதுளை ஆஸ்பத்திரியில் பழகியது.
பக்கத்துக் கட்டிலில் வெலிமடைக் குசுமலதா,
கிழங்குத் தோட்டக்காரி.
அவளுக்கு இடது, எனக்கு வலது.
ஒரே சுவரில் இரண்டு பேரும் ஏறினோம்.
அவள் என் பாஷையில் எண்ணினாள், ஒண்ணு, ரெண்டு.
நான் அவள் பாஷையில், எக்காய், தெக்காய்.
ஏழு வரைக்கும்தான்.
எட்டுக்கு எந்தப் பாஷையிலும் சொல் வரவில்லை.

குழாயில் இறங்கும் நீரைப் போத்தலில் பிடித்து
சீத்தைப் பையில் போட்டுத் தோளில் மாட்டி
கக்கூசுக்கு நடப்பேன்.
கொழுந்துக் கூடை ஒருநாளும் இப்படிப் பாரித்ததில்லை.
முப்பதுக்குக் கீழே இறங்கினால்
குழாயை எடுப்பார்களாம்.
பதினெட்டுக் கிலோ வராவிட்டால் அரைப்பேர் என்று
இருபது வருஷம் நிறை ஏற வேண்டியவள்
முதல் தடவை குறையச் சொல்லி வேண்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் வந்தார்கள்,
தோடம்பழமும் நெஸ்டமோல்ட்டுமாய்.
ஒரு தடவை அங்கே பார்த்துவிட்டு
அவசரமாய் ஜன்னலைப் பார்த்தார்கள்.
சவரியாயி மட்டும், “காட்டுடி” என்றாள்.
காட்டினேன்.
“நம்ம டெய்லரவிட நல்லாத்தான் தச்சிருக்கான்.”
சிரித்தால் தையல் இழுக்கும்.
சிரித்தேன்.

கங்காணி சொன்னார்,
“கவ்வாத்துன்னு நெனச்சுக்க. வெட்டுனா தழைக்கும்.”
நல்ல மனுஷன்.
ஆனால் கவ்வாத்து மலையில் நான் விறகு பொறுக்கியிருக்கிறேன்.
எல்லாச் செடியும் தழைப்பதில்லை.
தழைத்த செடிக்கும் வெட்டிய கிளை அடுப்பில்தான்.
இந்தக் கையால் பாரம் தூக்கக்கூடாது,
கீறல் படக்கூடாது என்றிருக்கிறார்கள்.
அதைத் தேயிலைக்கு யார் சொல்வது?
எனக்கு உவமை வேண்டாம், கங்காணி.
லேசான வேலைக்கு ஒரு துண்டு வாங்கித் தாருங்கள்.

மருந்து அளக்க நிறை பார்த்தார்கள்.
தராசில் ஏறி நின்றேன். நாற்பத்தாறு.
ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பார்கள் என்று காத்திருந்தேன்.
கழிக்கவில்லை.
வெட்டியது போக மிச்சம் அத்தனையும்
என் பேருக்கு எழுதினார்கள்.

இரவில் என் வலப்பக்கம் படுக்கிறவர்
கேட்காமலே இடப்பக்கம் மாறிவிட்டார்.
இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.
அன்பா, பயமா?
நானும் கேட்கவில்லை.

நாளைக்கு முதல் மருந்து.
இரண்டு கிழமையில் முடி உதிருமாம்.
முன்னமே வெட்டிவிடலாம் என்று
கத்தரிக்கோலோடு வந்தாள் சவரியாயி.
வேண்டாம் என்றேன்.
அது அதுவாய்ப் போகட்டும்.
கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது ஒன்று போதும்.

பை கட்டியாயிற்று.
கிளினிக் கொப்பி, இரத்தம் பார்த்த துண்டு,
பிளாஸ்க், வாந்திக்குத் தேசிக்காய் இரண்டு,
கொழும்பிலிருந்து மகன் அனுப்பிய கம்பளித் தொப்பி,
கத்தரிப்பூ நிறம்,
என் தலைக்கு இரண்டு சுற்றுப் பெரிது.
ஹப்புத்தளை முதல் பஸ் நாலு ஐம்பதுக்கு.
பனி இறங்கினால் அது எப்போது வருமோ.

விளக்கணைக்கும் முன் ஒரு தடவை ஏறினேன்.
மூன்றாம் வகுப்பு.
நாலாம் வகுப்பு, அங்கே கொஞ்சம் மூச்சு வாங்கினேன்.
கக்கத்தில் யாரோ கயிறு முறுக்குகிறார்கள்.
ஐந்தாம் வகுப்புக் கோட்டுக்கு ஒரு விரற்கடை.
அந்த வருஷம் மகன் வளரவே இல்லை என்று
குதிகாலைத் தூக்கி ஏமாற்றப் பார்ப்பான்.
யாரும் பார்க்கவில்லை.
நானும் தூக்கினேன்.
நடுவிரல் கோட்டில் பட்டது.

தூங்கிவிட்டார் என்று நினைத்திருந்த மனுஷன்
கம்பளிக்குள்ளிருந்து சொன்னார்,
“கால கீழ வையி.”