ஃபில்டர் மாற்றும் நாள்

ஸ்லேட் கூரைமேல் பதினான்கு சோலார் பலகைகள்.
வருடத்தில் பாதி நாள் நனைந்தே கிடக்கும்
இந்த வேல்ஸ் பள்ளத்தாக்கில் அவற்றை ஏற்றியபோது
எதிர்வீட்டு மெட்வின் கேட்டது ஒன்றே ஒன்று:
"மழையிலும் வேலை செய்யுமா, நெரிஸ்?"
கொஞ்சம், என்றேன்.
"கொஞ்சம்."
அவர் திருப்பிச் சொன்ன அந்தச் சொல்லில்
ஒரு வண்டி நிலக்கரி இருந்தது.

கெத்தின் ஒரு நோட்டு வைத்திருக்கிறான்.
காலை ஆறரைக்கு, பள்ளிப் பேருந்தை எடுக்கப் போகுமுன்,
வெளியே எத்தனை டிகிரி, உள்ளே எத்தனை,
ஹீட் பம்புக்கு ஒரு யூனிட் கொடுத்து
எத்தனை யூனிட் சூடு வாங்கினோம்.
ஜனவரி ஒன்பது: 2.6. மோசம்.
ஜனவரி பதினொன்று: 3.4.
3.4 என்று சொன்னபோது அவன் முகத்தில் வந்த வெளிச்சம்
எங்கள் கல்யாணப் போட்டோவில் இல்லை.

சுவரோரம் நிற்கும் அந்தப் பெட்டி
உறைபனி நாட்களில் திடீரென நின்று
தன் மேல் படிந்த பனியைத் தானே உருக்கி
ஆளுயரத்துக்கு ஆவி விடும்.
முதல் தடவை
தீயணைப்புக்கு போன் போட்டுவிட்டேன்.

எனக்கு அபெரிஸ்ட்வித் ஆஸ்பத்திரியில் இரவு வேலை.
நான் வாசலில் ஷூவைக் கழற்றும்போது
அவன் மாட்டிக்கொண்டிருப்பான்.

பரணில் இன்னொரு பெட்டி.
குளியலறையின் பழைய காற்று வெளியே போகும்,
மலைக்காற்று உள்ளே வரும்,
நடுவே தாள் கனத்தில் தகடுகள்.
இரண்டும் கலப்பதில்லை.
சூடு மட்டும் கைமாறும்.
பொருத்த வந்த பையன் இதை விளக்கியபோது
புரிகிறது என்றேன்,
அவன் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமாக.

பிறகு அந்தப் புயல்.
மேல்காட்டில் மரம் விழுந்து கம்பி அறுந்தது.
நான்கு வருடமாக ஒரு முனகலைக்
கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன் என்பது
அது நின்றபோதுதான் தெரிந்தது.
ஜன்னலைத் திறந்தோம்.
ஆறு இவ்வளவு பக்கத்திலா ஓடுகிறது?

மறுநாள் பளீரென்று வெயில்.
பதினான்கு பலகையிலும் சூரியன்.
ஒரு கோப்பைத் தேநீருக்குக்கூட வழியில்லை.
லைனைச் சரிசெய்ய ஏறியவர்களுக்கு ஷாக் அடிக்கக் கூடாதென்று
இன்வெர்ட்டர் தானாக அணைந்துகொள்ளுமாம்.
நியாயமான காரணம்.
நியாயமான காரணத்தோடு
கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.
(பேட்டரி, அடுத்த வருடம்:
நோட்டின் கடைசிப் பக்கத்தில், மூன்று வருடமாக.)

சாலை அடைபட்டதால் இருவருக்கும் வேலையில்லை.
மாலையில் மெட்வின் கதவைத் தட்டினார்:
"அடுப்பு எரிகிறது. வாங்க."
போன இலையுதிர் காலத்தில் கெத்தின் அவருக்கு
புகை, கரித்தூள், நுரையீரல் என்று
முக்கால் மணி நேரம் பாடம் நடத்தியிருந்தான்.
அவர் அதை எடுக்கவில்லை.
லீக் சூப்பை ஊற்றினார். இருமினார்.
இன்னும் கொஞ்சம் ஊற்றினார்.
கெத்தின் கிண்ணத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்கள் வீட்டில் இப்போது எத்தனை?"
டார்ச்சோடு ஓடிப்போய் வந்தான்.
"பதினேழு. முப்பது மணி நேரம் ஆகியும் பதினேழு!"
மெட்வின் எழுந்து எங்களோடு வந்தார்.
இருட்டுக் கூடத்தில் நின்று
இரண்டு கைகளையும் நீட்டி,
சூடு எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று தேடினார்.
எந்தப் பக்கமும் இல்லை.
அவர் படுக்கையறையில் காலையில்
டம்ளர் தண்ணீர்மேல் ஏடு கட்டியிருந்ததாம்.
"கொஞ்சம் கதகதப்புதான்" என்றார்.
போகும்போது கதவை வழக்கத்தைவிட மெதுவாகச் சாத்தினார்.

கரண்ட் வந்தது. முனகல் வந்தது.
எங்கள் கோட்டிலிருந்த அவருடைய புகையை
பரண்பெட்டி அறை அறையாக இழுத்துக்கொண்டது,
இரண்டு நாளில் சுத்தமாக.
நோட்டில் அந்தத் தேதிகளுக்கு எண் இல்லை.
சூப் கிண்ணத்தின் வட்டம் மட்டும்.

ஏப்ரலில் ஃபில்டரைக் கழற்றினோம்.
சாம்பல் நிறத்துக்குள் கறுப்பாக ஒரு கோடு.
"இது மெட்வின்" என்றான் கெத்தின்.
குப்பையில் போட ஏனோ
இருவருமே கை நீட்டவில்லை.

புது ஃபில்டர் வெள்ளை.
ஆறரைக்கு அவன் கிளம்பினான்.
நான் படுக்கப் போனேன்.
அவன் கிடந்த பக்கம் இன்னும் ஆறவில்லை.