நான்கெல்லை

ஊரின் பெயரில் மான் இருக்கிறது.
இருபத்தாறு வருடமாக வலங்கைமானில்
பத்திரம் எழுதுகிறேன்,
ஒரு மானையும் பார்த்ததில்லை.
ஐப்பசி அடைமழையின் மூன்றாம் நாள்
கொல்லையில் நின்றது
பன்றி.

வெள்ளைப் பன்றி. காதோரம் மட்டும் ரோஜா நிறம்.
கழுத்தில் நீல ரிப்பன், அதில் ஒற்றைச் சலங்கை.
கிளுவை வேலியில்
அடைக்க வேண்டும் அடைக்க வேண்டும் என்று
நான்கு மாதமாய் நான் அடைக்காத சந்து வழியே
வந்திருக்கிறது.
சர்வே எண், உட்பிரிவு
ஒன்றும் கேட்கவில்லை.

இதற்கு நான்கெல்லையாவது:
குடமுருட்டிக் கரைப் பாதைக்குத் தெற்கு,
பெர்க்மான்ஸ் வீட்டு வேலிக்கு மேற்கு,
பாசன வாய்க்காலுக்கு வடக்கு,
துபாயிலிருந்து யாரோ வாங்கிப்போட்ட
காலி மனைக்குக் கிழக்கு.
இதன் மத்தியில் எட்டரைக் குழிக் கொல்லையும்
சேப்பங்கிழங்குப் பாத்தி ஒன்றும்
நிதி நிட்சேப ஜல தரு பாஷாணங்களும்.

எத்தனை பத்திரத்தில் எழுதியிருப்பேன் அந்த வரியை!
நிட்சேபம் என்றால் புதையல்.
வாங்கியவர் ஒருவரும் தோண்டிப் பார்த்ததில்லை.
இது பார்த்தது.
மூக்காலேயே, கண்ணை மூடிக்கொண்டு,
களிமண்ணைப் பக்கம் பக்கமாகப் புரட்டி.
கிழங்கு மெல்லும் சத்தம்
மழைக்குள் தனியாகக் கேட்டது,
சேற்றிலிருந்து செருப்பைப் பிடுங்குவதுபோல.

அன்றிரவே மனு எழுதினேன்.
பேரூராட்சி செயல் அலுவலர் அவர்கள் சமூகத்துக்கு.
மேற்படி பன்றி, மேற்படி தேதியில்,
மேற்படி கொல்லைக்குள் அத்துமீறிப் பிரவேசித்து…
நானே சொல்லக் கூடாது,
நல்ல மனு.

மறுநாள் விளக்கு வைக்கும் நேரம்
வேலிக்கு அந்தப் பக்கம் குடைபிடித்து நின்று
பெர்க்மான்ஸ் மகள் ஜெனோவா கூப்பிட்டாள்:
பட்டூ… வா வா… பட்டூ…

அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தவள்
தலையைத் திருப்பினாள்.

என் மனைவி பெயர் பட்டம்மாள்.
ரேஷன் கார்டில் அப்படித்தான்.
கல்யாணமான புதிதில் அதைச் சுருக்கி
நானும் கூப்பிட்டிருக்கிறேன்.
அதற்கு ஆவணம் எதுவும் இல்லை.
பிறகு அது 'இங்க பாரு' ஆனது,
'ஏய்' ஆனது,
தொண்டையைச் செருமினாலே போதும் என்று ஆனது.

கோபப்படுவாள் என்று பார்த்தேன்.
"அது பேரும் அதானா?" என்று சிரித்தவள்
களைந்த தண்ணீரை ஒரு சட்டியில் ஊற்றி
வேலிச் சந்தில் வைத்துவிட்டு வந்தாள்.
மறுநாளும் வைத்தாள்.

பெர்க்மான்ஸ் வந்தார், கையில் ஒரு சீப்புப் பூவன்.
"கிறிஸ்மஸுக்குன்னுதான் வாங்கினேன் சார்.
பொண்ணு பேரு வெச்சிட்டா.
பேரு வெச்சப்புறம்
எப்படி சார்?"
கிழங்குக்கு இருநூறு ரூபாய் நீட்டினார்.
வேண்டாம் என்றேன்.
பின்னாலிருந்து வந்த கை
நூறை மட்டும் எடுத்துக்கொண்டது.

"மனு குடுத்தாச்சா?"
"மழை விடட்டும்."

ஞாயிற்றுக்கிழமை விட்டது.
குடமுருட்டி இரண்டு கரையும் தொட்டு ஓடியது.
சம்பா வயலிலிருந்து யூரியா வாசம், தவளை, கொசு.
கொல்லைக் கதவருகில் நின்று
புரட்டிப் போட்ட மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அதில் அதற்குள் ஏதோ முளைத்திருந்தது,
கிழங்கா களையா தெரியவில்லை.
சுற்றிலும் ஆள் இல்லை என்று
இரண்டு தரம் சரிபார்த்துக்கொண்டு
சொன்னேன்: பட்டு.
சொல் துருப்பிடித்திருந்தது.
இன்னொரு தரம், கொஞ்சம் உரக்க.

சலங்கைதான் முதலில் கேட்டது.
வேலிச் சந்தில் ஒரு மூக்கு, அதன் நுனியில் ஈர மண்.
அப்புறம் எனக்குப் பின்னால்
ஈரக் கையை உதறும் சத்தம்.
"யாரை?" என்றாள்.