சில்லறை

ஒன்பதாம் மாடிக்காரர்கள் பெர்த்துக்குக் குடிபோனபோது
குப்பையறை வாசலில் விட்டுவிட்டுப் போனவை:
கழுத்துடைந்த ஒரு மின்விசிறி,
துணி காயப்போடும் கம்பிச் சட்டம் ஒன்று,
மூச்சுவிடும் ஓர் அட்டைப்பெட்டி.

காவலாளி பதிவேட்டில் எழுத வேண்டும்
‘கேட்பாரற்ற பொருள்’ என்று.
பொருள் வரைக்கும் வந்துவிட்டேன்.
பெட்டி ஓட்டை வழியே ஒரு மூக்கு
வெளியே வந்து, என்னை மோந்து, உள்ளே போனது.
அந்த வரியை அடித்துவிட்டேன்.

தஞ்சோங் தோக்கோங்கிலிருந்து முதல் பஸ்.
மடியில் பெட்டி, பெட்டிமேல் தொப்பி.
ரைபிள் ரேஞ்ச் பிளாட்டில்
என் மாடிக்கு லிஃப்ட் அன்று வந்தது,
அதுவே நல்ல சகுனம்.

சட்டைப் பையைப் பாயில் கொட்டி எண்ணினேன்.
ஏழு ரிங்கிட் நாற்பது சென்.
ஒவ்வொரு காசாக மோந்து பார்த்து
ஐந்து சென்னை மட்டும் மூக்கால் தள்ளிவிட்டது.
பெயர் வைத்தாயிற்று.

பர்மா ரோட்டுக் கடையில் காய்ந்த புல்
கிலோ முப்பத்தெட்டு.
அமெரிக்க வெயிலில் காய்ந்ததாம்.
‘நம்ம வெயிலுக்கு என்ன குறைச்சல்?’ என்றேன்.
கடைப்பையன் சிரிக்கவில்லை.
அரைக் கிலோ வாங்கினேன், மீதிக்குத்
திடலோரப் புல்.
மருந்தடிக்கும் நாளை முன்கூட்டியே சொல்ல
நகராண்மைக் கழகத்து ரம்லி இருக்கிறான்,
கூலி ஒரு தே தாரிக்.

கம்பிச் சட்டம் கூண்டானது.
போத்தலில் தண்ணீரை உறையவைத்துத்
துண்டு சுற்றிக் கொடுத்தால்
சாய்ந்துகொண்டு பகலைத் தூங்கிக் கழிக்கும்.
பக்கத்தில் நானும்,
போத்தல் இல்லாமல்.

கீரைக்கு ஜெலுத்தோங் சந்தை.
பதினோரு மணிக்கு மேல், கடை கட்டும் நேரம்.
குவாட் கெங் ஒதுக்கி வைத்திருப்பாள்:
காரட் தழை, சாவியின் வெளியிலை, மல்லித் தண்டு.
காசு நீட்டினால் கையைத் தட்டிவிடுவாள்.
என் காலர் கிழிசலைப் பார்ப்பாள்,
பிறகு தராசைப் பார்ப்பாள்.

மூன்றாம் வாரம் பைக்கு அடியில்
இரண்டு உப்பு முட்டை.
அடுத்த வாரம் அரைப் பொட்டலம் மீஹூன்.
‘ரொம்ப இளைச்சுட்டே’ என்றாள் மலாயில்.
முயலுக்கு என்று சொல்ல வேண்டும்.
அர்னாப். மூன்றே எழுத்து.
நாற்பது வருடம் இந்த நாட்டில் பேசிய வாய்
அந்த ஒரு சொல்லை மறந்ததுபோல் நின்றது.
கஞ்சிக்கு உப்பு முட்டை
அவ்வளவு நன்றாக இருக்கும்.

இருபத்து மூன்றாம் தேதி
சில்லறை இலையைத் தொடவில்லை.
தட்டில் ஒரு புழுக்கை இல்லை.
மூலையில் குறுகி உட்கார்ந்து
பல்லை நறநறவென்று கடித்தது.
மிருக வைத்தியர் நூற்றி அறுபது கேட்டார்.

சூப்பர்வைசர் பக்தவச்சலத்திடம் முன்பணம் கேட்டேன்.
‘யாருக்கு?’
‘வீட்ல ஒருத்தருக்கு, வயிறு.’
தலைகுனிந்து எண்ணிக் கொடுத்தார்,
சம்சாரமா என்று கேட்கவில்லை.
சம்சாரம் போய் ஆறு வருடம் என்பது
அவருக்கும் தெரியும்.

இரவெல்லாம் ஊசிக்குழாயில் கரைசல்,
உள்ளங்கையால் வயிற்றைத் தடவல்.
விடிகாலை நாலரைக்கு
ஒன்று.
பிறகு ஆறு, சேர்ந்தாற்போல்.
சம்பளத்தைக்கூட அப்படி எண்ணியதில்லை.

சனிக்கிழமை குவாட் கெங்கிடம்
கீறல் விழுந்த போனை நீட்டினேன்.
ஈரக்கையை ஏப்ரனில் துடைத்து
வெகுநேரம் பார்த்தாள்.
‘அப்ப முட்டை?’
‘அது நான்தான்.’
ஒன்றும் சொல்லாமல்
அடுத்த ஆளுக்குத் தக்காளி நிறுக்கப் போய்விட்டாள்.

வீட்டில் பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தேன்.
முட்டை இல்லை.
தழை, தண்டு, நடுவில்
அடிபடாத ஒரு முழுக் காரட்.

இனிப்பு அதிகம் கூடாது என்றிருக்கிறார் வைத்தியர்.
எட்டு நாளைக்கு எட்டுத் துண்டாக நறுக்கினேன்.
ஏழு இருக்கிறது.
சில்லறை என்னையே பார்க்கிறது.