உள்மாநிலக் கட்டணம்

ஏப்ரல் பாதி போயும் ஏரி உறைந்தே கிடக்கிறது.
இந்த வட்டாரத்துச் சாலைகளில்
இருபத்தாறு குளிர்காலம் பனிவண்டி ஓட்டியவள் நான்.
எப்போது விடும் என்று கேட்பவர்களிடம்
இன்னும் உதட்டைத்தான் பிதுக்குகிறேன்.

சமையலறை மேசையில்
செனியா காகிதங்களைப் பரப்பியிருக்கிறாள்.
படிப்பது மிச்சிகனுக்குள்ளேதான், வெளியே போனால்
கட்டணம் கழுத்தை நெரிக்கும்.
அடித்தது போக மிஞ்சியவை மூன்று.

தெற்கே ஒன்று. பெயரைச் சொன்னாலே
பக்கத்து வீட்டு நாய்கூட நிமிர்ந்து உட்காரும்.
நடுவே ஒன்று, சோளக்காட்டு மத்தியில்.
முதல் வருடமே நோயாளியைத் தொட விடுவார்களாம்.
மூன்றாவது மோட்டார் நகரத்தில்:
குண்டுக் காயம் நிறைய, தூக்கம் குறைய.

தேர்ச்சி, கடன், வாடகை,
வீட்டுக்கு வந்துசேர எத்தனை மணி நேரம்,
எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுகிறாள்.
பிடித்த விடை வராவிட்டால்
மதிப்பெண்ணைத் திருத்துகிறாள்.

மேசையின் இந்தப் பக்கம்,
மின்கட்டண உறைக்குள்,
என் காகிதங்கள்.

நான் ஒப்பிடுவதும் அதே மூன்றைத்தான்.

தெற்குக் கல்லூரி எடை பார்க்கும்.
தேறிவிடுவேன்,
கிறிஸ்துமஸ் விருந்துக்கு முன்னால் செத்தால்.
சோளக்காட்டுக் கல்லூரி
பாலத்துக்கு இந்தப் பக்கம் வண்டி அனுப்பாது.
எட்டு மணி நேரம் என்னை யார் கொண்டுபோவது?
இந்த வீட்டில் தூர ஓட்டமென்றால் நான்தானே.

மோட்டார் நகரத்துக்குத் தொலைபேசியில் பேசினேன்.
எடுத்தவள் பெயர் ஒடெஸா.
இடுப்பில் உலோகத் தகடு இருக்கிறது,
வண்டி புரண்ட வருடம் வைத்தது, பரவாயில்லையா என்றேன்.
"தகடா? பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்குமே" என்றாள்.
சாம்பலைப் பதினெட்டே மாதத்தில்
தபாலில் திருப்பிவிடுகிறார்கள்.
முதலிடம் அதற்குத்தான்.

நுழைவுத்தேர்வு இல்லை.
எதற்காக மருத்துவம் என்று
யாரும் கட்டுரை கேட்கவில்லை.
பள்ளியைப் பாதியில் விட்டவளுக்கு
இதைவிடச் சுலபமாக ஒரு சீட் கிடைக்குமா?

தபால்தலை தேடிய செனியா
உறையைத் திறந்துவிட்டாள்.

நின்றபடியே படித்தாள்.
குளிர்பெட்டி ஒருமுறை உறுமி அடங்கியது.
ஏன் என்று கேட்பாள் என நினைத்திருந்தேன்.
அவசரம் ஒன்றுமில்லை என்ற பதிலைத்
தயாராக வைத்திருந்தேன், பாதி பொய்தான்.

"எது முதலில்?" என்றாள்.
சொன்னேன்.
"அம்மா, எனக்கும் அதுதான்.
காலையில்தான் கூட்டி முடித்தேன்."

ஒரே கல்லூரியில்
நாங்கள் இருவரும் சேர முடியாது.
அவள் திரையை விலக்குகிற ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை,
அந்தத் தகடு...

குறுகலான மலைச்சாலையில்
இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால்
ஏறி வருகிறவருக்குத்தான் வழி.
இறங்குகிறவர் பின்னால் எடுக்க வேண்டும்.
புதிதாக வந்த பையன்களுக்கெல்லாம்
நான் கத்திக் கத்திச் சொன்னது.

பேனாவை எடுத்தேன்.
மோட்டார் நகரத்தை அடித்தேன்.
சோளக்காட்டைப் பாலமே அடித்துவிட்டிருந்தது.

"அப்போ தெற்குதான்" என்றேன்.
"பார், உன்னைவிடப் பெரிய கல்லூரி எனக்கு."

அவள் சிரிக்கவில்லை.
என் படிவத்தை மறுபடி இழுத்து,
விரலை வரிவரியாக ஓட்டி,
எடை எழுதிய இடத்தில் நிறுத்தினாள்.

பிறகு எழுந்துபோய்
ஏலக்காய் ரொட்டியில் ஒரு துண்டு வெட்டினாள்.
கட்டைவிரல் தடிமனுக்கு வெண்ணெய் அப்பினாள்.
அதன்மேல் இன்னும் கொஞ்சம்.
தட்டை என் பக்கம் தள்ளி,
"தின்னு" என்றாள்.