தீர்மானம் எண் பதினேழு

மேசைமேல் இரண்டு தாள்.
ஒன்றில் சைப்ரஸ்: இத்தாலியத் தெரு ஒன்றின் வண்ணப்படம்,
மடக்கி நட்ட குடைகள் போல வரிசை.
மற்றதில் புங்கன், என் கையெழுத்தில்,
கன்று ஒன்று நாற்பது ரூபாய்.

"தரை இத்தாலிக் கல், கண்ணாடி பெல்ஜியம்,
தூண் பர்மாத் தேக்கு.
தேவகோட்டை வாசலுக்கு மட்டும் ஊர்மரமா?"
வயிரவன் கேட்டார். சிரித்தார்கள்.
தேக்கு அறுபட்டு வந்தது,
அதற்கு யாரும் தண்ணீர் ஊற்றவில்லை
என்று சொல்ல வாயெடுத்துக்
கோப்பைப் புரட்டினேன்.

உமையாள் புங்கன் பக்கம்.
செம்புராங்கல்லிலும் வேர் பிடிக்கும் என்றார்,
சித்திரை வெயிலைச் சொன்னார்,
பள்ளிக்கூடம் விடும் நேரத்தைச் சொன்னார்.

சம்பள பாக்கி கேட்க வந்து
கதவோரம் நின்ற இருளாயியை
யாரோ விளையாட்டாகக் கேட்டார்கள்.
"எனக்கு அந்தக் குடை மரந்தாங்க.
புங்கன் பங்குனி பூராக் கொட்டும்.
எலை முடிஞ்சாப் பூ, பூ முடிஞ்சா நெத்து.
ராம்நகர் முக்கு வரைக்கும் கூட்டிட்டுத் திரும்புனா
தொடங்குன எடத்துல மறுபடி."

"உனக்கு நெழல் வேணாமா?"

"நான் கூட்டுறது விடியக்காலம் அஞ்சு மணி.
அப்ப எல்லாமே நெழல்தான்."

மின்விசிறி மட்டும் கொஞ்ச நேரம் பேசியது.

எழுபது புங்கன். நிறைவேறியது.
அடியில் பென்சிலால் சேர்த்தேன்:
கூடுதல் தூய்மைப் பணியாளர் ஒருவர்.
தலைவர் அதைச் சுழித்து
அடுத்த கூட்டம் என்றார்.

இந்தப் பங்குனியில் கன்றுகள்
என் இடுப்புக்குக் கீழே,
கொட்டப் பெரிதாக இலையில்லை.
நாலு வருஷம் இருக்கிறது
அந்த ஒரு வரியை
மையால் எழுத.