நிவாரணப் பட்டியல்

தீர்ப்பில் ஏழு லட்சம்.
நிறைவேற்று மனுவோடு அமீனா போனபோது
"எனக்கென்ன இருக்கு, இந்தச் சைக்கிள்தான்" என்றானாம்.

வெண்ணாற்றங்கரை ஆறு மா
அக்கா செண்பகவல்லிக்குத் தான செட்டில்மென்ட்.
அறுப்பு மெஷின் மச்சான் பேரில்.
நான் கொண்டுபோன நாலு வளையல்
யார் கையில் என்று
நீடாமங்கலம் கல்யாணங்களில் பார்த்துக்கொண்டேன்.

ஒவ்வொரு வில்லங்கச் சான்றுக்கும்
பால் காசில் கட்டணம்.
சார்பதிவகத்து எழுத்தர்
என்னைக் கண்டதும் ஸ்டாம்ப் பேடைத் திறப்பார்.

தையில் பருவம் தப்பிய மழை
கதிரைச் சேற்றில் படுக்கவைத்தது.
பஞ்சாயத்துச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள்.
வரிசை எண் நாற்பத்தொன்று:
சாகுபடியாளர், சொந்த நிலம்,
அவன் பெயர், அப்பன் பெயர், சர்வே எண்.

ஹெக்டேருக்குக் கிடைக்கும் பணத்துக்கு
அக்காவைக்கூட நம்ப முடியவில்லை அவனால்.

போனில் இரண்டு முறை படமெடுத்தேன்.
முதல் படத்தில் கை நடுங்கியிருந்தது.